மாற்று ஆட்டக்காரர்களின் தரத்தை எதை வைத்துச் சொல்வது?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் சனிக்கிழமை இரவு சாப்பாட்டுக் கடையில் கூட்டமாக உட்கார்ந்து லிவர்பூல் கால்பந்து அணியின் ஆட்டம் பார்க்கிறீர்கள். ஆட்டம் முடிந்த பிறகும் சண்டை முடிவதில்லை. ஒரு தரப்பு, முதல் பதினொரு பேரை விட்டால் மற்றவர்கள் எல்லாம் குப்பை என்கிறது. இன்னொரு தரப்பு, ஆள் நல்லவன்தான், பயிற்றுநர்தான் இறக்க மாட்டேன் என்கிறார் என்று சொல்கிறது. எண்டோ, கியேசா, சிமிகாஸ் என்று மூன்று பெயரைப் போட்டு, யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று பேரைப் பற்றியும் சொல்கிறேன். ஆனால் உங்கள் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது. வாரத்துக்குப் பத்து நிமிடம் மட்டும் கண்ணில் படுகிற ஒரு ஆட்டக்காரரின் தரத்தை எதை வைத்து முடிவு செய்வது? அதற்கு விடை தெரிந்தால்தான் பெயர்களைப் பற்றிப் பேச முடியும்.

நானும் அந்தப் பக்கத்துக்காரன்தான். தமிழ்ப்பள்ளியில் உடற்கல்வி சொல்லிக் கொடுத்து, அப்புறம் பயிற்றுநர் சான்றிதழ் எடுத்து, தோட்டத்துப் பையன்களையும் மாவட்ட லீக்கில் ஆடும் பெரியவர்களையும் பல வருடமாகப் பழக்கி வருகிறேன். இங்கிலாந்துக் கிளப் எதன் பயிற்சித் திடலுக்குள்ளும் நான் கால் வைத்ததில்லை. லிவர்பூலைப் பற்றி நான் சொல்லப்போவது எல்லாம், நீங்கள் பார்க்கிற அதே அஸ்ட்ரோ தொலைக்காட்சியில் பார்த்ததும், ஆட்ட விவரங்களில் எல்லாருக்கும் தெரியும்படி பதிவாகி இருப்பதும்தான். ஆனால் ஒரு ஆள் இல்லாமல் போனால் மற்றப் பத்துப் பேரின் ஆட்டம் எப்படி மாறுகிறது என்பது லிவர்பூலின் அன்ஃபீல்டு திடலிலும் நம் பள்ளித் திடலிலும் ஒரே மாதிரிதான் நடக்கிறது. அதை நம்பித்தான் எழுதுகிறேன்.

உங்கள் கடைச் சண்டையில் இரண்டு தரப்பும் ஒரே கேள்வியைத்தான் வைத்துக்கொண்டு இருக்கிறார்கள்: இவன் அவன் அளவுக்கு நல்லவனா? நடுத்திடலில் எண்டோ கிராவென்பெர்க் அளவுக்கு வருவாரா, இடது தற்காப்பில் சிமிகாஸ் ராபர்ட்சன் அளவுக்கு வருவாரா என்று. வரமாட்டார்கள். வருவார்கள் என்றால் அவர்கள்தான் முதல் பதினொன்றில் இருப்பார்கள். எந்தக் கிளப்பை எடுத்தாலும் இந்தக் கேள்விக்கு ஒரே விடைதான் வரும், அதனால் இதைக் கேட்டுப் பிரயோசனம் இல்லை. நான் கேட்கச் சொல்லும் கேள்வி வேறு. இவர் உள்ளே வந்தால், ஏற்கெனவே உள்ளே இருக்கிற பத்துப் பேரில் எத்தனை பேர் தங்கள் ஆட்டத்தை மாற்றிக்கொள்ள வேண்டி வரும்? ஒருவரும் மாற வேண்டாம் என்றால், திறமையில் இரண்டு படி கீழே இருந்தாலும் அவர் நல்ல மாற்று ஆட்டக்காரர். நான்கு பேர் மாற வேண்டும் என்றால், பெரிய பெயர் என்றாலும் அந்த அணிக்கு அவர் பலவீனம்தான்.

எங்கள் திடலில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். இடது தற்காப்பில் ஆடும் பையனுக்குப் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். வருடம். டியூஷன் இருக்கும் நாளில் வரமாட்டான். அவன் இடத்தில் வலது கால் பையன் ஒருவனை விட்டோம். தனியாகப் பார்த்தால் புதிய பையன்தான் வேகம், உடம்பிலும் பலம். ஆனால் பந்து இடது ஓரத்தில் கிடைத்ததும் அதை வலது காலுக்கு மாற்ற ஒரு முறை உள்ளே திரும்புவான். அந்த ஒரு திருப்பத்துக்கு ஒரு விநாடிக்கு மேல் ஆகிவிடும். அதற்குள் அவனுக்கு முன்னால் ஓடிய இடது விங் பையன் ஆஃப்சைடில் நிற்பான். மூன்று முறை அப்படி நின்ற பிறகு நான்காவது முறை அவன் ஓடவே இல்லை. இடது பக்கம் ஓட்டம் நின்றதும் நடுத்திடல் பையன்கள் எல்லாப் பந்தையும் வலது பக்கமே தள்ள, எதிரணி அங்கேயே ஆளைக் குவித்துவிட்டது. வேலிக்கு வெளியே நின்ற அப்பாக்கள் வலது விங் பையனைத் திட்டினார்கள்: என்னடா, இன்றைக்கு ஒரு பந்தும் தாண்ட மாட்டேன் என்கிறான்! கோளாறு தொடங்கிய இடம் திடலின் மறு ஓரத்தில் இருந்தது. தொலைக்காட்சியில் பார்க்கும்போதும் இதே ஏமாற்றம்தான் நமக்கு நடக்கிறது, கேமரா பந்தோடு போவதால் இன்னும் அதிகமாக.

லிவர்பூல் வரலாற்றில் இதற்கு 2020-21 பருவத்தைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கடையில் அந்தப் பருவத்தைப் பற்றிப் பேசினால் 'காயம், கெட்ட நேரம்' என்று முடித்துவிடுவார்கள். 2020 அக்டோபர் 17-ஆம் நாள் எவர்ட்டன் ஆட்டத்தில் வான் டைக்கின் முழங்கால் போனது. நவம்பரில் ஜோ கோமெஸ் போனார். ஜனவரிக் கடைசியில் மாட்டிப்பும் போனார். நடுத்தற்காப்பில் இருந்த மூன்று மூத்தவர்களும் இல்லை. மிச்சம் இருந்தவர்கள் நாட் பிலிப்ஸும் ரீஸ் வில்லியம்ஸும். பிலிப்ஸ் அதற்கு முந்திய பருவம் ஜெர்மனியின் இரண்டாம் டிவிஷனில் ஸ்டுட்கார்ட் அணிக்கு இரவலில் ஆடியவர். வில்லியம்ஸ் அதே காலத்தில் இங்கிலாந்தின் ஆறாம் நிலை லீக்கில் கிடர்மின்ஸ்டர் ஹாரியர்ஸ் அணிக்கு ஆடிக்கொண்டு இருந்த இளைஞர்.

அப்போதைய பயிற்றுநர் க்ளோப் முதலில் என்ன செய்தார்? இவர்களை முழுதாக நம்பாமல், நடுத்திடலில் இருந்த ஃபபினியோவையும் ஹெண்டர்சனையும் பின்னால் இழுத்து நடுத்தற்காப்பில் நிறுத்தினார். தனித் திறமையை மட்டும் பார்த்தால் அது சரியான முடிவு. ஃபபினியோ பிலிப்ஸைவிட எல்லா வகையிலும் மேலானவர், அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் ஃபபினியோ பின்னால் போனதும் நடுத்திடலில் பந்தைப் பறிக்க ஆள் இல்லை. ஹெண்டர்சன் போனதும் முன்னேறி நெருக்கிப் பிடிக்கச் சொல்லிக் குரல் கொடுக்க ஆள் இல்லை. ஓரத் தற்காப்பில் ஆடும் அலெக்சாண்டர்-ஆர்னல்டும் ராபர்ட்சனும் மேலே ஏறினால் பின்னால் மூடுவதற்கு முன்பு இருந்தவர்கள் இல்லை. ஒரு ஓட்டையை அடைக்கப் போய் நான்கு இடத்தில் ஓட்டை விழுந்தது. ஜனவரி 21 முதல் மார்ச் 7 வரை அன்ஃபீல்டில் லீக் ஆட்டங்கள் ஆறு தொடர்ச்சியாகத் தோல்வி: பர்ன்லி, பிரைட்டன், மான்செஸ்டர் சிட்டி, எவர்ட்டன், செல்சி, ஃபுல்ஹாம். அதற்கு முன் சொந்தத் திடலில் 68 லீக் ஆட்டங்கள் தோற்காமல் இருந்த அணி அது.

இதில் ஃபுல்ஹாம் ஆட்டத்தைத் தனியாக எடுத்துப் பாருங்கள். அன்று நடுத்தற்காப்பில் இறங்கிய ஜோடி பிலிப்ஸும் வில்லியம்ஸும்தான். பல மாற்றங்களோடு இறங்கிய அணி, ஃபபினியோ முதல் பதினொன்றில் இல்லை, 0-1 தோல்வி. உங்கள் முதல் தரப்பு அன்றைக்கு என்ன சொல்லியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஆனால் அதே ஜோடி மே மாதத்தில் சவுத்தாம்ப்டன், மான்செஸ்டர் யுனைடெட், வெஸ்ட் பிரோம், பர்ன்லி, கிரிஸ்டல் பேலஸ் என்று கடைசி ஐந்து லீக் ஆட்டங்களில் இறங்கியது. ஐந்திலும் வெற்றி. யுனைடெட்டின் சொந்தத் திடலான ஓல்ட் டிராஃபோர்டில் 4-2. பர்ன்லியில் பிலிப்ஸ் தலையால் ஒரு கோல் அடித்து, கோல் கோட்டில் நின்று ஒரு பந்தைத் தலையால் வெளியேற்றவும் செய்தார். ஃபுல்ஹாம் தோல்விக்குப் பிறகு லீக்கில் பத்து ஆட்டம், எட்டு வெற்றி, இரண்டு சமநிலை, 69 புள்ளி, மூன்றாம் இடம்.

இரண்டு மாதத்தில் பிலிப்ஸும் வில்லியம்ஸும் வேறு ஆட்டக்காரர்களாக மாறிவிட்டார்களா? கொஞ்சம் அனுபவம் கூடியிருக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் பெரிய மாற்றம் அவர்களுக்கு முன்னால் நடந்தது. ஃபபினியோ நடுத்திடலுக்குத் திரும்பினார், பக்கத்தில் தியாகோ. எதிரணிப் பந்து பிலிப்ஸை வந்து அடையும்போதே அதன் வேகம் பாதி குறைந்திருந்தது. அவருக்கு நன்றாகத் தெரிந்த வேலை, உயரப் பந்தை எகிறித் தலையால் அடிப்பதும் காலை நீட்டி மறிப்பதும். அது மட்டுமே அவரிடம் கேட்கப்பட்டது. அதே காலத்தில் பிரஸ்டனில் இருந்து வாங்கப்பட்ட பென் டேவிஸ் லிவர்பூலுக்கு ஒரு போட்டி ஆட்டத்தில்கூட இறங்கவில்லை. அவர் நல்லவரா கெட்டவரா என்று நம்மால் சொல்லவே முடியாது. அப்படிப்பட்ட ஒருவரைப் பற்றியும் உறுதியாகக் கருத்துச் சொல்ல நம் ஊரில் ஆள் உண்டு.

ரப்பர்த் தோட்டக் காலத்தில் ஒருவர் வேலைக்கு வராத நாளில் அவருடைய மர நிரையை வேறொருவர் வெட்டுவார். கை எவ்வளவு சுத்தமான கையாக இருந்தாலும், பட்டையின் கனம் பழகாத மரத்தில் முதல் நாள் பால் குறையத்தான் செய்யும். கணக்கெழுதும் கிராணி அதை வைத்து அந்த ஆளை எடை போடமாட்டார். மாற்று ஆட்டக்காரருக்கும் அந்த நியாயம் வேண்டும்.

சரி, சாட்சியம் என்று எதை எடுத்துக்கொள்ளலாம்? முதலில் நிமிடங்களைப் பாருங்கள், எத்தனை ஆட்டம் என்று பார்க்காதீர்கள். 'இருபது ஆட்டத்தில் ஒரு கோல்' என்று ஒருவர் சொன்னால், அந்த இருபதும் கடைசி ஐந்து நிமிடம் என்றால் மொத்தமே நூறு நிமிடம், ஒரு முழு ஆட்டத்தைவிடச் சற்று அதிகம். ஒரு முழு ஆட்டத்தை மட்டும் வைத்து யாரையும் நான் அணியில் சேர்க்கவும் மாட்டேன், விலக்கவும் மாட்டேன். எதிர்த்திசையிலும் ஏமாற்றம் உண்டு. 270 நிமிடத்தில் இரண்டு கோல் அடித்தவரைத் '90 நிமிடத்துக்கு 0.67 கோல்' என்று கணக்குப் போட்டால் பெரிய தாக்குதல் ஆட்டக்காரர் போலத் தெரியும். அதில் ஒரு பந்து எதிரணித் தற்காப்பாளர் காலில் பட்டுத் திரும்பி உள்ளே போயிருந்தால் கணக்கே பாதி. அதோடு கடைசியில் இறங்குபவர் களைத்துப்போன கால்களுக்கு எதிராக ஆடுகிறார், தோற்கும் அணி பின்புறத்தைத் திறந்துவிட்டு ஏறுகிறது, கோல் வருவது அப்போது சுலபம். ஆகவே மாற்று ஆட்டக்காரரின் '90 நிமிட' எண்ணை முதல் பதினொருவரின் எண்ணோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது. இது எனக்கு உறுதி.

அடுத்தது கிண்ணப் போட்டிகள். இதில் நிறையப் பேர் வழுக்கி விழுகிறார்கள். 2025 பிப்ரவரியில் பிளைமவுத் அணியிடம் எஃப்.ஏ. கிண்ணத்தில் 0-1 என்று தோற்றார்களே, அன்று கிட்டத்தட்ட முழு அணியும் மாற்று ஆட்டக்காரர்கள். பதினொரு மாற்று ஆட்டக்காரர் சேர்ந்து ஆடும்போது தனித்தனி ஆளின் தரம் தெரியாது. ஒருவரோடு ஒருவர் ஆடிப் பழகாதது மட்டும்தான் தெரியும். மாற்று ஆட்டக்காரர் ஒருவரோ இருவரோ, வழக்கமான எட்டு ஒன்பது பேரோடு கலந்து ஆடும் ஆட்டம்தான் உண்மையான சோதனை. அப்படி ஆட்டம் வரும்போது கண்ணை விரித்துப் பாருங்கள்.

தாக்குதல் ஆட்டக்காரர் மினமினோ கதையும் இங்கே பொருந்தும். 2021-22 பருவத்தில் 24 ஆட்டங்களில் 10 கோல், அதில் ஏழு இரண்டு உள்நாட்டுக் கிண்ணங்களில். அந்த இரண்டு கிண்ணத்தையும் லிவர்பூல் வென்றது. ஆனால் வெம்ப்லி இறுதியாட்டம் இரண்டிலும் அவர் திடலில் இறங்கவில்லை. அந்தக் கோடையில் மொனாக்கோ போய்விட்டார். அவருக்கு அநியாயம் நடந்ததா? கிண்ணத்தின் முதல் சுற்றுகளில் வந்த எதிரணிகளின் தரத்தைப் பார்த்தால், க்ளோப் சலா, மானே, ஜோட்டா, டியாஸ் ஆகியோரை முன்னே வைத்தது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் அந்தச் சுற்றுகளை அவர் தாண்டிக் கொடுக்காவிட்டால் இறுதியாட்டமே இல்லை. அந்த முன்னணி ஆட்டக்காரர்கள் அந்த இரவுகளில் காலை ஆற்றிக்கொண்டு உட்கார்ந்து இருந்தார்கள். மாற்று ஆட்டக்காரரின் தரத்தில் இதுவும் சேரும், கோல் பட்டியலில் இது தெரியாது.

ஒரு பயிற்சி சொல்கிறேன், வரும் சனிக்கிழமையே செய்து பார்க்கலாம். மாற்று ஆட்டக்காரர் இறங்கியதும் முதல் பத்து நிமிடம் பந்தைப் பார்க்காமல் அவரை மட்டும் பாருங்கள். கேமரா விலகினால் திரும்பி வரும்வரை காத்திருங்கள். பந்து மறு ஓரத்தில் இருக்கும்போது அவர் எங்கே நிற்கிறார், தன் வரிசையில் இருப்பவர்களோடு சேர்ந்து நகர்கிறாரா, இல்லை தனியாக இரண்டு அடி பின்தங்கி நிற்கிறாரா என்று பாருங்கள். பந்து அவரிடம் வருவதற்கு முன்னால் தலையைத் திருப்பித் தோளுக்குப் பின்னால் பார்க்கிறாரா? பந்தைத் தொட்ட முதல் தொடுகையிலேயே உடம்பு முன்பக்கம் திறந்து நிற்கிறதா, இல்லை வந்த வழியே திருப்பி அனுப்புகிறாரா? பக்கத்தில் இருப்பவர் கையைக் காட்டி 'இங்கே வா, அங்கே போ' என்று அவரை நிறுத்திக்கொண்டே இருக்கிறாரா? கடைசிக் கேள்விதான் எனக்கு மிகவும் முக்கியம். சக ஆட்டக்காரர்கள் ஒருவரை நம்புகிறார்களா என்பது அவருக்குப் பந்து கொடுப்பதில் தெரிந்துவிடும். ஆள் காலியாக நின்றும் பந்து அவரைத் தாண்டி வேறொருவருக்குப் போய்க்கொண்டே இருந்தால், அந்த அணிக்குள்ளேயே விடை எழுதியாயிற்று. கோல், தடுமாற்றம், தவறிய வாய்ப்பு எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

இனி நீங்கள் கேட்ட மூவர். எண்டோவைப் பற்றி நான் தயக்கம் இல்லாமல் பேசுவேன், ஏனென்றால் சாட்சியம் போதிய அளவு இருக்கிறது. 2023 ஆகஸ்டில், லிவர்பூல் வாங்க நினைத்த கைசெடோவும் லவியாவும் செல்சிக்குப் போன பிறகு, முப்பது வயதில் ஸ்டுட்கார்டில் இருந்து வந்தார். அன்று ரசிகர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். அந்த டிசம்பரில் ஃபுல்ஹாம் ஆட்டத்தில் 2-3 என்று பின்தங்கி இருந்தபோது கடைசி நிமிடங்களில் இறங்கி 87-ஆம் நிமிடம் சமன் செய்தார், அடுத்த நிமிடமே அலெக்சாண்டர்-ஆர்னல்ட் வெற்றிக் கோல் அடித்தார். 2024 பிப்ரவரி 25-ஆம் நாள் செல்சிக்கு எதிரான லீக் கிண்ண இறுதியாட்டத்தில் 120 நிமிடமும் நின்றார். மறு பருவம் புதிய பயிற்றுநர் ஸ்லாட் வந்து கிராவென்பெர்க்கை அந்த இடத்தில் வைத்ததும், எண்டோ பெரும்பாலும் ஒரு கோல் முன்னிலையைக் காப்பாற்றும் கடைசி நிமிடங்களுக்கு இறங்குபவராக மாறினார். அவர் உள்ளே வந்தால் மற்றவர்கள் தங்கள் இடத்திலேயே நிற்கலாம். முன்னே இருப்பவர்கள் பயம் இல்லாமல் நெருக்கிப் பிடிக்கலாம். அவரால் முடியாததும் தெளிவு. பந்தை எடுத்துக்கொண்டு மூன்று பேரைக் கடந்து ஆட்டத்தைத் திறக்கமாட்டார். பின்தங்கிய அணிக்கு அவர் மருந்து இல்லை, முன்னிலையில் இருக்கும் அணிக்கு மருந்து. 'குப்பை' என்கிற உங்கள் நண்பர் இவர் விஷயத்தில் சொல்வது தவறு.

சிமிகாஸ் விஷயத்தில் நான் பாதி உங்கள் நண்பர் பக்கம். 2020-இல் வந்தார். அந்த முதல் பருவத்தில் ராபர்ட்சன் லீக்கின் 38 ஆட்டங்களிலும் ஆடியதால் இவருக்கு இடமே இல்லை, அந்த வருடத்தைக் கணக்கில் எடுக்கவே கூடாது. அப்புறம் நல்ல நாட்கள் உண்டு. 2022 மே மாதம் எஃப்.ஏ. கிண்ண இறுதியில் செல்சிக்கு எதிராக வெற்றி பெனால்டியை அடித்தவர் அவர். 2024 லீக் கிண்ண இறுதியில் 118-ஆம் நிமிடம் வான் டைக் தலையால் அடித்த கோலுக்கு மூலைப் பந்தை அனுப்பியவரும் அவரே. இடது கால் ஆட்டக்காரர், ராபர்ட்சன் ஓடும் அதே தடத்தில் ஓடுபவர், அதனால் முன்னால் இருக்கும் விங் ஆட்டக்காரர் தன் பழக்கத்தை மாற்றத் தேவை இல்லை. இது பெரிய குணம். எங்கள் திடல் கதையை நினைத்துப் பார்த்தால் புரியும். ஆனால் தற்காப்பில் தனக்குப் பின்னால் ஓடிவரும் ஆளை விட்டுவிடும் பழக்கம் அவரிடம் இருந்தது. வேகமான விங் ஆட்டக்காரர் எதிரே நின்றால் வான் டைக் இடது பக்கமாக இழுபட வேண்டி வந்தது. வான் டைக் நகர்ந்தால் முழு வரிசையும் நகர்கிறது. அந்த இடத்தில் விலை கொஞ்சம் அதிகம்தான். 2025-இல் கெர்கெஸ் வந்தார், சிமிகாஸ் இரவலில் ரோமா போனார்.

கியேசா பற்றி நேராகச் சொல்கிறேன்: 2024-25 லீக் ஆட்டங்களை வைத்து அவர் லிவர்பூலுக்கு நல்லவரா இல்லையா என்று யார் சொன்னாலும் அது ஊகம்தான். ஸ்லாட்டின் முதல் கோடையில் உடனே அணிக்கு வந்த ஒரே ஆள் அவர், யுவென்டஸில் இருந்து. லீக் பதக்கம் பெற ஐந்து ஆட்டமாவது ஆட வேண்டும், அந்த எல்லையை மட்டும் தாண்டினார். நியூகாசலிடம் தோற்ற லீக் கிண்ண இறுதியில் கடைசி நேரத்தில் இறங்கி ஒரு கோல் அடித்தார். இத்தாலி 2020 யூரோ கிண்ணத்தை வென்றபோது அவர் எப்படி ஆடினார் என்று உலகம் பார்த்தது. அதற்குப் பிறகு 2022 ஜனவரியில் முழங்கால் தசைநார் அறுந்தது. இந்த இரண்டுக்கும் நடுவில் இன்றைய கியேசா எங்கே நிற்கிறார் என்பது தினமும் பயிற்சியில் பார்ப்பவர்களுக்குத்தான் தெரியும். இங்கே 'பயிற்றுநர் இறக்க மாட்டேன் என்கிறார்' என்று சொல்லும் உங்கள் இரண்டாம் தரப்புக்கும் ஒரு வார்த்தை. அந்தப் பருவத்தில் அணி ஏறக்குறைய ஒரே பதினைந்து பேரை வைத்து ஆடி, நான்கு ஆட்டம் மிச்சம் இருக்கும்போதே லீக்கை வென்றது. ஏப்ரல் 27 இரவு பதினொன்றரைக்குத் தொடங்கிய டாட்டன்ஹாம் ஆட்டத்தை நீங்களும் அந்தக் கடையில்தான் பார்த்திருப்பீர்கள். ஜெயித்துக்கொண்டு இருக்கும் அணியில் சலாவை உட்காரவைத்து இன்னொருவரைச் சோதித்துப் பார்க்க எந்தப் பயிற்றுநருக்கும் மனம் வராது. இறக்கப்படாததையே தரக்குறைவுக்குச் சாட்சியாக வைப்பதும், பயிற்றுநரின் பிடிவாதத்துக்குச் சாட்சியாக வைப்பதும் இரண்டுமே சரியில்லை.

உங்கள் நண்பர்கள் யாரும் கவனிக்காத ஒரு விஷயமும் உண்டு. உண்மையிலேயே நல்ல மாற்று ஆட்டக்காரரை ஒரு கிளப் அதிக நாள் வைத்திருக்க முடியாது. கோல் காவலர் கெலெஹரை எடுங்கள். 2022 லீக் கிண்ண இறுதியில் முதல் கோல் காவலர் அலிசனுக்குப் பதிலாக நின்று, 11-10 என்று முடிந்த பெனால்டியில் லிவர்பூலின் பதினோராவது கோலைத் தானே அடித்தார். 2024 இறுதியிலும் அவர்தான் கோல் காவலர். அதே ஆண்டு நவம்பரில் ரியல் மாட்ரிட் ஆட்டத்தில் எம்பாப்பேயின் பெனால்டியைத் தடுத்தார். அணி ஒரு துளிகூட மாற வேண்டியிராத மாற்று ஆட்டக்காரர் அவர். 2025-இல் பிரென்ட்ஃபோர்டுக்கு முதல் கோல் காவலராகப் போய்விட்டார். போகாமல் என்ன செய்வார்? இந்த வேலைக்கு ஆள் எடுப்பது அதனால்தான் கடினம். இடத்துக்குப் போட்டி போடும் அளவு நல்லவராகவும் வேண்டும், கிடைக்காவிட்டால் முகம் சுளிக்காதவராகவும் வேண்டும். அதற்கு மேல் பதிவு விதி வேறு இருக்கிறது. பிரீமியர் லீக்கில் 25 பேர் பட்டியல், அதில் 17 பேர்வரைதான் வெளியில் வளர்ந்தவர்களாக இருக்கலாம். மிச்ச இடம் 21 வயதுக்குள் மூன்று பருவம் இங்கிலாந்து அல்லது வேல்ஸ் கிளப் ஒன்றில் பதிவாகி இருந்தவர்களுக்கு. கெலெஹர் அயர்லாந்துக்காரர் என்றாலும் சிறுவயதிலேயே லிவர்பூலுக்கு வந்ததால் இந்தக் கணக்கில் உள்ளூர்க்காரர்தான். 'இவனைவிட நல்லவன் பிரான்ஸில் இருக்கிறானே, ஏன் வாங்கவில்லை' என்று கேட்பதற்கு முன்னால் பட்டியலில் அந்த இடம் காலியாக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

எனக்கே உறுதி இல்லாத இடம் ஒன்று உண்டு, அது தாக்குதல் ஆட்டக்காரர் ஒரிகி. 2019 மே 7, நம் நேரம் மறுநாள் விடியற்காலை மூன்று மணி, சலாவும் ஃபிர்மினோவும் இல்லாமல் பார்சிலோனாவை 4-0 என்று வென்ற ஆட்டத்தில் இரண்டு கோல். அதற்குச் சில நாள் முன்பு நியூகாசலில் வெற்றிக் கோல். மாட்ரிட்டில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் 87-ஆம் நிமிடக் கோல். ஆனால் தொடர்ச்சியாக முதல் பதினொன்றில் இறக்கினால் அவர் காணாமல் போவார், பின்னால் மிலானுக்குப் போன பிறகும் கோல் அரிதாகத்தான் வந்தது. நெருக்கடியில் மட்டும் மலரும் குணம் என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறதா, இல்லை சில நல்ல இரவுகள் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்தனவா? சாட்சியம் இரண்டு பக்கமும் பேசுகிறது. நான் பழக்கிய பையன்களில் அவசரத்தில் மனம் குளிர்ந்து நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் முதல் பக்கம் சாய்கிறேன். அதற்குமேல் ஒரு அங்குலம்கூட வலியுறுத்தமாட்டேன்.

கடைசியாக, ஐந்து மாற்று விதி. பிரீமியர் லீக் 2022-23 முதல்தான் நிரந்தரமாக ஐந்து பேரை மாற்ற அனுமதித்தது. நான் விரிவாகச் சொன்ன அந்த 2020-21 பருவத்தில் மற்றப் பெரிய லீக்குகள் ஐந்து பேரை மாற்றிக்கொண்டு இருந்தபோது இங்கே மூன்றுதான். ஆகவே பழைய அணிகளின் மாற்று ஆட்டக்காரர்களையும் இன்றைய மாற்று ஆட்டக்காரர்களையும் நேருக்கு நேர் ஒப்பிடாதீர்கள். வெளித்திடல் ஆட்டக்காரர் பத்துப் பேரில் பாதிப் பேரை இன்று ஒரே ஆட்டத்தில் மாற்றலாம். முன்பு காயத்துக்கு ஆள் வைத்திருந்தால் போதும். இப்போது அறுபதாவது நிமிடத்தில் ஆட்டத்தின் வேகத்தையே கூட்டக்கூடிய ஆள் வேண்டும். உங்கள் கடையில் பெரியவர் ஒருவர் எண்பதுகளின் லிவர்பூலைச் சொல்லி 'அன்றைக்குப் பதினான்கு பேரை வைத்துக் கிண்ணம் வாங்கினார்கள்' என்பார் என்று எழுதியிருந்தீர்கள். அண்ணன் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் அன்று எதிரணிகளும் அதே மாதிரிச் சிறிய கூட்டத்தை வைத்துத்தான் ஆடின. அதை அவரிடம் மரியாதையாகச் சொல்லுங்கள், அவர் பார்த்த ஆட்டங்களைப் பற்றியும் கேளுங்கள். உங்கள் கடைக் கூட்டத்தில் இந்தச் சண்டைக்கு உருப்படியாக ஏதாவது சேர்க்கக்கூடியவர் அவர்தான் என்று எனக்குப் படுகிறது.